பலகைக்கு விறைப்பு, காற்றுக்குப் பஞ்சு



வீட்டில் தாமே ஸ்பீக்கர் செய்துகொள்பவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதிலும் டிரான்ஸ்மிஷன் லைன் பெட்டி செய்பவர்களுக்கு மரவேலை அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். அந்தப் பெட்டியின் பலகைகளை எப்படி விறைப்பாக்குவது, அதிர்வை எப்படித் தணிப்பது என்பதை மட்டும்தான் இன்று பேசப்போகிறேன். எந்த ஊஃபர் சிறந்தது, கிராஸோவரை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கு இன்று போகவில்லை. நல்ல ஊஃபரும் நல்ல கிராஸோவரும் வாங்கியவர்கள் பெட்டியில் கோட்டைவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் எவ்வளவு ஒலி எழுப்புகிறதோ அவ்வளவு ஒலியைப் பின்னாலும் எழுப்புகிறது. அந்தப் பின்னொலியை ஒரு நீண்ட குழாய்க்குள் அனுப்பி, நடுத்தர ஒலிகளை வழியிலேயே உறிஞ்சிவிட்டு, ஆழ்ந்த பேஸ் ஒலியை மட்டும் மறுமுனையில் வெளியே விடுவதுதான் டிரான்ஸ்மிஷன் லைன். குழாயை மடித்துப் பெட்டிக்குள் அடக்குகிறோம். இதன் மூதாதை 1936இல் அமெரிக்காவின் ஸ்ட்ரோம்பெர்க் கார்ல்சன் நிறுவனத்தில் பெஞ்சமின் ஓல்னி செய்த வளைவழிப் பெட்டி. நாம் இன்று பழகும் வடிவத்துக்குத் தந்தை, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆர்தர் பெய்லி. 1965 அக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் வீட்டில் ரம்பத்தை எடுத்தார்கள். 1972இல் அதே இதழில் இரண்டாவது கட்டுரையும் எழுதினார். நீண்ட இழை கொண்ட ஆட்டு ரோமத்தைக் குழாய்க்குள் நிரப்பியது அவர் முறை.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் அதிர்கின்றன. ஒன்று குழாய்க்குள் இருக்கும் காற்று. மற்றொன்று அதைச் சுற்றியிருக்கும் மரம். காற்றின் அதிர்வைப் பஞ்சு அடக்கும்; மரத்தின் அதிர்வை அடக்காது. மரத்தின் அதிர்வைச் சட்டமும் பிட்டுமென் தகடும் அடக்கும். காற்றை அவை தொடவே தொடா. “பேஸ் இரைகிறது, இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கட்டுமா?” என்று என்னிடம் கேட்பவர்களிடம், இரைவது காற்றா, பலகையா என்று முதலில் கண்டுபிடியுங்கள் என்பேன். பலகை இரையும்போது பஞ்சைத் திணித்தால் இருந்த பேஸும் போகும், இரைச்சலும் அப்படியே இருக்கும்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 8 அங்குல ஊஃபர். 40 ஹெர்ட்ஸுக்கு இசைத்த லைன். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்றால், அதன் கால் அலைநீளம் ஏறக்குறைய 2.1 மீட்டர். நடுவில் ஒரு தடுப்பு வைத்து ஒரு மடிப்பு மடித்தால், உட்புற உயரம் 110 சென்டிமீட்டர், ஆழம் 33, அகலம் 20 என்று ஒரு பெட்டி கிடைக்கும். குழாயின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 300 சதுர சென்டிமீட்டர். கொள்ளளவு 63 லிட்டர்.

இப்போது பக்கப் பலகைகளைப் பாருங்கள். 110க்கு 33 என்றால் ஒரு பலகை 3,630 சதுர சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து 7,260. 8 அங்குல ஊஃபரின் கூம்புப் பரப்போ சுமார் 215. அதாவது கூம்பைப் போல முப்பது மடங்குக்கு மேல் பெரிய இரண்டு பலகைகள் அதன் இரு பக்கமும் நிற்கின்றன. கூம்பு அசைவதில் முப்பதில் ஒரு பங்கு அந்தப் பலகைகள் ஒன்றாக அசைந்தாலே போதும், கூம்புக்குச் சமமாக அவையும் ஒலிக்கும். டிரான்ஸ்மிஷன் லைனுக்கு இது கூடுதல் தொல்லை, ஏனென்றால் மற்றப் பெட்டிகளைவிட இதற்குப் பலகை அதிகம்.

வீணையின் குடத்தைப் பலாமரத்தில் குடைவது மரம் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக. அதைச் சொல்லி, ஸ்பீக்கர் பெட்டியும் நல்ல மரத்தில் செய்தால் சேர்ந்து பாடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வீணை ஒன்றுதான் வீணையாக ஒலிக்க வேண்டும். ஸ்பீக்கரோ இன்று வீணை, நாளை நாகசுரம், மறுநாள் ஒருவர் செய்தி வாசிக்கும் குரல். பெட்டிக்கென்று ஒரு சுருதி இருந்தால் அது எல்லாவற்றின் மேலும் ஏறி உட்காரும். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, பலகையை எப்படி அடக்குவது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தடிமன். 18 மில்லிமீட்டரை 36 ஆக்கினால் பலகையின் வளைவு விறைப்பு எட்டு மடங்கு கூடும் என்பது உண்மை. ஆனால் எடையும் இரண்டு மடங்காகும். அதனால் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் இரண்டு மடங்குதான் உயரும். பணம் இரட்டிப்பு, தூக்க இரண்டு ஆள், பலன் ஒரு ஆக்டேவ். அதே பலகையின் குறுகிய அகலத்தைச் சட்டம் வைத்துப் பாதியாக்கினால் அதிர்வெண் ஏறக்குறைய நான்கு மடங்கு உயர்கிறது. எடை அதிகம் கூடுவதில்லை.

குறுகிய அகலம் என்று சொன்னதைக் கவனியுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் உழைப்பை வீணாக்குகிறார்கள். நம் பெட்டியின் பக்கப் பலகை 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பலகைக்குரிய வழக்கமான மதிப்புகளைப் போட்டு, ஓரங்கள் தாங்கப்பட்ட தகடாகக் கணக்கிட்டால், முதல் ஒத்ததிர்வு 170 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. இதன் நடுவில் குறுக்காக ஒரு சட்டம் ஒட்டுகிறோம். 110 சென்டிமீட்டர் உயரம் இரண்டு 55 ஆகிறது. அதிர்வெண் எங்கே போகிறது? 210க்கு. அவ்வளவுதான். அந்தச் சட்டத்தையே நெடுக்காக, மேலிருந்து கீழாக வைத்து 33 சென்டிமீட்டர் ஆழத்தைப் பாதியாக்கினால் 640க்குப் போகிறது. பசைபோட்டு இறுக்கிய ஓரங்களோடு உண்மைப் பெட்டியில் இந்த எண்கள் எல்லாமே இன்னும் மேலே இருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது. நீளமான பலகை வளைவதை அதன் குறுகிய அகலம்தான் தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த அகலத்தைப் பிரித்தால் பலன் உண்டு. நீளத்தைப் பிரித்தால் மிகச் சிறிதே.

இப்போது டிரான்ஸ்மிஷன் லைனின் அழகைப் பாருங்கள். குழாயை மடிக்க நாம் வைக்கும் நடுத்தடுப்பு மேலிருந்து கீழாகத்தான் ஓடுகிறது. அது இரு பக்கப் பலகைகளையும் நெடுக்காகப் பிரிக்கிறது. 170இலிருந்து 640க்குப் போன அந்த வேலையைத் தடுப்பே செய்துவிடுகிறது, தனிச் செலவில்லாமல். கூடுதல் சட்டம் வேண்டுமென்றாலும் நெடுக்காக வையுங்கள். நெடுக்குச் சட்டம் காற்று ஓடும் திசையிலேயே நிற்பதால் குழாயை அடைக்காது. மரத்துக்கு நல்ல திசையும் காற்றுக்கு நல்ல திசையும் ஒன்றாக அமைந்திருப்பது இந்தப் பெட்டியின் வரம். குறுக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும் என்ற இடத்தில், நடுவே பெரிய துளைகள் வெட்டி, ஓரங்களை உருட்டிவிடுங்கள். பி அண்ட் டபிள்யூ நிறுவனம் 1980களில் மேட்ரிக்ஸ் என்ற பெயரில் பெட்டி முழுவதையும் துளையிட்ட பலகைகளால் தேன்கூடு போலப் பின்னியது. வேறு வகைப் பெட்டிக்கு அது அருமையான வழி. நம் குழாய்க்குள் அதை அப்படியே கொண்டுவர இடம் கிடையாது.

நடுத்தடுப்பு இந்தப் பலனைத் தர வேண்டுமென்றால் அது பக்கப் பலகையோடு உண்மையாகவே பிணைந்திருக்க வேண்டும். பக்கப் பலகையில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி எடுத்து, தடுப்பை அதில் இறக்கி, காடி நிறைய ஃபெவிகால் விட்டு இறுக்குங்கள். ஆணி மட்டும் அடித்துவிட்டு, இடையில் மயிரிழை இடைவெளி இருந்தால் போச்சு. அந்த இடுக்கு வழியே காற்றுச் சீறும், பலகையும் தாங்கலை இழக்கும்.

உள்ளேதானே இருக்கிறது என்று தடுப்பை 9 அல்லது 12 மில்லிமீட்டரில் போடுபவர்கள் உண்டு. வேண்டாம். லைனின் மூடிய முனையில் காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும். திறந்த வாயில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. ஒரு மடிப்புப் பெட்டியில் மூடிய முனையும் வாயும் முதுகோடு முதுகாக நிற்கின்றன. இடையில் இருப்பது அந்தத் தடுப்பு மட்டும். ஒரு பக்கம் முழு அழுத்தம், மறுபக்கம் வெற்று. பெட்டியில் வேறெந்தப் பலகைக்கும் இதைவிடக் கடினமான வேலை இல்லை. மடிப்பு இருக்கும் கீழ்முனையில் தடுப்பின் ஓரம் பிடிப்பில்லாமல் நிற்கிறதே என்றுதான் எல்லோரும் அங்கே சட்டம் வைக்கிறார்கள். வைக்கலாம், தவறில்லை. ஆனால் அங்கே தடுப்பின் இருபுறமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பாரம் விழுவது மேல்முனையில். சட்டத்தை முதலில் வைக்க வேண்டியதும் அங்கேதான்.

முகப்பலகையில் 18 சென்டிமீட்டருக்கு மேல் வட்டம் வெட்டிவிட்டால் இரு பக்கமும் மிஞ்சுவது சிறு கீற்று. கூம்பு முன்னால் பாயும்போது அதன் சட்டகம் பின்னால் உதைக்கிறது. அந்த உதை முழுவதும் இந்தக் கீற்றுகளின் மேல்தான் இறங்குகிறது. அங்கே இன்னொரு அடுக்கு ஒட்டி, துளையின் உட்புற விளிம்பைச் சாய்வாகச் செதுக்குங்கள். சாய்க்காவிட்டால் கூம்பின் முதுகுக்கு மூச்சுவிட வழியிருக்காது.

இதுவரை சொன்னது விறைப்பு. விறைப்பு அதிர்வை அழிப்பதில்லை; மேலே தள்ளிவைக்கிறது. அழிப்பதற்குத் தணிப்பு வேண்டும். இந்த விஷயத்தில் உலகத்துக்கு வழி காட்டியது பிபிசியின் ஆராய்ச்சித் துறை. ஹார்வுட், மாத்யூஸ் என்ற இருவர் ஸ்பீக்கர் பெட்டிகளின் பலகை அதிர்வைப் பற்றி 1977இல் ஓர் அறிக்கை தந்தார்கள். தடித்த, தணிப்பில்லாத பலகை தன் ஒத்ததிர்வைக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதிக்கு உயர்த்திவிடுகிறது. மெல்லிய பலகையில் கனமான தணிப்புப் பூச்சு ஒட்டினால் ஒத்ததிர்வு கீழேயும் இருக்கும், மழுங்கியும் இருக்கும் என்பது அவர்கள் கண்டது. பிபிசியின் புகழ்பெற்ற எல்.எஸ். 3/5ஏ பெட்டி 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில், உள்ளே தணிப்புத் தகடு ஒட்டிச் செய்யப்பட்டது. 25 மில்லிமீட்டர் பலகைதான் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் தவறவிடுவது. ஒட்டும் தகடு எவ்வளவு தணிக்கும் என்பது, பலகையின் தடிமனோடு ஒப்பிட அதன் தடிமன் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அந்த விகிதம் கூடக் கூடத் தணிப்பும் கூடுகிறது. அதனால் 25 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் மேல் 2 மில்லிமீட்டர் பிட்டுமென் தகடு ஒட்டினால் காசுக்குக் கேடு. பலகைக்கு அது ஒட்டியிருப்பதே தெரியாது. 9, 12 மில்லிமீட்டர் பிளைவுட் மேல் பல அடுக்காக ஒட்டும்போதுதான் அது வேலை செய்கிறது. தடித்த பலகைதான் வேண்டும் என்றால், இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுகாத, ரப்பர் போன்ற பசையை வைத்து அழுத்துங்கள். பலகை வளையும்போது நடுவிலிருக்கும் பசை இழுபட்டு அதிர்வை வெப்பமாக்கிவிடும். கார் கதவுக்குள் ஒட்ட விற்கும், அலுமினியத் தாள் முகப்புள்ள பியூட்டைல் தகடும் இதே தத்துவம்தான். மெல்லிய பலகைக்கு அது நன்றாகவே உதவும். நம் ஊர் வெயிலில் செங்குத்துப் பலகையில் பிட்டுமென் பசை இளகக்கூடும் என்பதால் ஓரங்களில் சிறு ஆணி அடித்துவிடுவது நல்லது.

மணல் என்று ஒரு பழைய வழி இருக்கிறது. வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1950களில் இரண்டு பிளைவுட் தகடுகளுக்கு நடுவே உலர்ந்த மணலை நிரப்பி ஸ்பீக்கர் பலகை செய்தார். அவரும் பிராட்ஃபோர்ட்காரர்தான், ஒரே ஊரிலிருந்து இந்தத் துறைக்கு இத்தனை வந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்கின்றன. தணிப்பில் அதை வெல்வது கடினம். ஆனால் மணல் கழுவி, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கடல் மணல் கூடாது, பெட்டியை வைத்த இடத்தை விட்டு நகர்த்த முடியாது. முழுப் பெட்டிக்கும் இல்லாமல் பின்பலகைக்கு மட்டும் செய்து பார்க்கலாம்.

விறைப்பா, தணிப்பா? இரண்டில் எது என்று கேட்டால் என் பதில் உங்கள் ஊஃபர் எதுவரை பாடுகிறது என்பதில் இருக்கிறது. மூன்று வழிப் பெட்டியில் ஊஃபர் 200, 300 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அங்கே பலகையின் ஒத்ததிர்வை 600க்கு மேல் தள்ளிவிட்டால், அதைக் கிளப்ப அந்தப் பெட்டிக்குள் ஒலியே இல்லை. விறைப்பு மட்டுமே போதும். கெஃப் நிறுவனத்தின் பி139 ஊஃபரை வைத்து ஐ.எம்.எஃப். நிறுவனம் செய்த பெரிய லைன்கள் இந்த வகை. இரண்டு வழிப் பெட்டி என்றால் கதை வேறு. ஊஃபர் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பாடும். அந்த எல்லைக்கு அப்பால் தள்ள எந்தச் சட்டத்தாலும் முடியாது. அங்கே நெடுக்குத் தடுப்பு தரும் விறைப்போடு, ஒவ்வொரு பலகைத் துண்டுக்கும் தணிப்புத் தகடு கட்டாயம். தடுப்பைச் சரிநடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டு துண்டுகளும் ஒரே அதிர்வெண்ணில் கூடிக்கொள்ளாது. கூம்பிலிருந்து வாய் நோக்கிக் குறுகும் லைனாக வடிவமைத்தால் இது தானாகவே அமையும்.

இனி காற்று. மூடிய முனையும் திறந்த வாயும் கொண்ட குழாய் 40 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்போது 120, 200, 280 என்று ஒற்றைப்படை மடங்குகளிலும் ஒலிக்கும். 40 நமக்கு வேண்டும். மற்றவை வேண்டா. பஞ்சு காற்றுத் துகள்களின் ஓட்டத்தைத்தான் தடுக்கிறது. ஓட்டம் எங்கே வேகமோ அங்கே பஞ்சுக்கு வேலை. 40 ஹெர்ட்ஸில் ஓட்டம் மிக வேகமாக இருப்பது வாயருகே. 120 ஹெர்ட்ஸில் வாயருகேயும், மூடிய முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்திலும். ஆகவே மூடிய முனையிலிருந்து லைனின் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பிவிட்டு, வாய்ப்பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டால், வேண்டாதது அடங்கும், வேண்டியது பிழைக்கும். இன்னொரு உபாயமும் உண்டு. 120 ஹெர்ட்ஸுக்கு அதே மூன்றில் ஒரு பங்கு இடத்தில், நம் பெட்டியில் 70 சென்டிமீட்டரில், அழுத்தம் சுழி. ஊஃபரை அங்கே வைத்தால் 120 கிளம்பவே கிளம்பாது. பிறகு பஞ்சின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

எவ்வளவு பஞ்சு? பெய்லி சொன்னது கன அடிக்கு அரை பவுண்டு, அதாவது கன மீட்டருக்கு 8 கிலோ. நம் 63 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கு 330 கிராம் பக்கம் வரும். தொடங்குவதற்கு அது நல்ல அளவு. ஆட்டு ரோமம் கிடைத்தால் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை, எங்கும் கிடைக்கும். எதுவானாலும் கையால் நன்றாகப் பிரித்து விடுங்கள். கட்டி கட்டியாக வைத்தால் நடுவே காற்று வழி கண்டுபிடித்துப் போய்விடும். நின்ற பெட்டியில் பஞ்சு நாளடைவில் கீழே இறங்கும். ஒரு சாண் இடைவெளியில் நைலான் வலையைக் குறுக்கே கட்டி அதன்மேல் தாங்கவிடுங்கள்.

பஞ்சைத் திணித்தால் ஒலியின் வேகம் மிகவும் குறையும், லைனைப் பாதியாக வெட்டிவிடலாம் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. இழைகள் காற்றோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொள்வதால் வரும் குறைவு அதிகம் போனால் 15 சதவீதம். 343 என்பது 290 ஆகும். அந்தப் பேச்சை நம்பி லைனைப் பாதியாக்கியவர்களுக்குப் பேஸும் பாதியில் நின்றுவிடும்.

காற்றா, பலகையா என்று கண்டுபிடிக்கச் சொன்னேனே, அதற்குப் பெரிய கருவி வேண்டாம். பஸ்ஸருக்குள் இருக்கும் பீசோ வில்லை சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதை இருபக்க ஒட்டு நாடாவால் பலகையில் ஒட்டி, மடிக்கணினியின் மைக் துளையில் செருகி, 50இலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஊஃபருக்குக் கொடுங்கள். ரூம் இ.க்யூ. விசார்ட் போன்ற இலவச மென்பொருள் வரைபடமே போட்டுக் கொடுத்துவிடும். கூர்மையான முகடு தெரியும் இடத்தில், வில்லையை நகர்த்திப் பலகையின் எந்தப் பகுதி அதிகம் துள்ளுகிறது என்று பாருங்கள். சட்டமோ தகடோ அங்கே போக வேண்டும். பஞ்சைச் சரிபார்க்க ஊஃபரின் இம்பிடன்ஸ் வரைபடம் எடுங்கள். பஞ்சு குறைவாக இருந்தால் இரண்டு முகடுகள் நிமிர்ந்து நிற்கும், மேலே 120, 200 பக்கம் சிறு மேடுகளும் தெரியும். அந்தச் சிறு மேடுகள் மறையும் அளவுக்குப் பஞ்சு வைத்து அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு பிடியும் வாயிலிருந்து வரும் பேஸைத் தின்னும். காதால் சோதிக்க விரும்புகிறவர்கள் நன்றாகப் பதிவான ஓர் ஆண் குரலைக் கேளுங்கள். மார்பிலிருந்து வருவது போலில்லாமல் பானைக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் எங்கோ ஒரு பலகை பேசுகிறது.

இப்படிப் பஞ்சைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கப் பலகை கழற்றும்படி இருக்க வேண்டும். பலரும் அதை வெளி ஓரத்தில் மட்டும் திருகாணி போட்டு மூடுகிறார்கள். அப்போது நடுத்தடுப்பு அந்தப் பலகையைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும், பிடித்துக்கொண்டு நிற்காது. ஒரு பக்கம் 640, மறுபக்கம் பழைய 170 என்று ஆகிவிடும். அதனால் தடுப்பின் ஓரத்திலும் முழு நீளத்துக்கு மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டி, பக்கப் பலகை வழியே தடுப்பின் ஓரத்துக்குள் 10 சென்டிமீட்டருக்கு ஒரு திருகாணி இறக்குங்கள். எம்.டி.எஃப்பின் ஓரம் திருகாணியைப் பிடித்து நிற்காது, பிளந்துகொள்ளும். அந்தத் தடுப்பை மட்டும் பிளைவுட்டில் போடுங்கள், அல்லது ஓரத்தில் ஒரு தேக்கு ரீப்பரை ஒட்டிவிடுங்கள். பஞ்சின் அளவு தீர்மானமான பிறகு ரப்பரை எடுத்துவிட்டு, ஃபெவிகால் பூசி, அதே திருகாணிகளால் நிரந்தரமாக மூடிவிடலாம். அதற்குப் பிறகு ஊஃபர் துளை வழியாகக் கை போகும் தூரத்துக்குப் பஞ்சை மாற்றிக்கொள்ள எப்போதும் வழி இருக்கும்.